அவரை என்னன்னு கூப்பிடறது? – ‘மழலைப் பட்டாளம்’ பார்த்தபின் சில குறிப்புகள்

பழைய ஜோக் ஒண்ணு. மனைவி பதறி ஓடிவந்து கணவனிடம் சொல்கிறாள்: “சீக்கிரம் வாங்க, உங்க பிள்ளைங்களும் என் பிள்ளைங்களும் சேர்ந்துக்கிட்டு நம்ம பிள்ளைங்களைப் போட்டு அடிக்கிறாங்க!”

எல்லாரும் கேட்டதுதான். ஆனா இந்த ஒரு வரிக்குள்ள ஒரு குடும்பத்தோட முழு வரலாறும் இருக்கு. அவருக்கு முன்னாடி ஒரு கல்யாணம், இவளுக்கு முன்னாடி ஒரு கல்யாணம், இப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு. 1968-ல் வந்த ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்துக்குத் தலைப்பே இந்த மூணு சொல்தான்: ‘யுவர்ஸ், மைன் அண்ட் அவர்ஸ்’. அந்தப் படத்தின் தாக்கத்தில் 1980-ல் தமிழில் வந்தது ‘மழலைப் பட்டாளம்’. நடிகை லட்சுமி இயக்கிய முதல் படம். கே. பாலசந்தர் மேற்பார்வை. விஷ்ணுவர்தனும் சுமித்ராவும் ஜோடி. கன்னடத்தில் இதே படம் ‘மக்கள சைன்யா’. மனைவியை இழந்த ஒருவர், கணவனை இழந்த ஒருவர், ரெண்டு பக்கமும் ஒரு கூட்டம் பிள்ளைகள். பெரியவங்க ரெண்டு பேரும் சேர, சின்னவங்க போர்க்கொடி தூக்க, கதை நகரும்.

இந்தப் படத்தை ரெண்டு மாசத்துக்கு முன்னாடி களம்பூர்ல என் பெரியம்மா மகள் வீட்டுல பார்த்தேன். அக்கா வீட்டுக்காரர் பட்டு நெசவு. முன்கட்டுல தறி, அதுக்கு அந்தப் பக்கம் டி.வி. தறி நின்ன பிறகு ராத்திரிலதான் படம். கூட எங்க பாட்டி. படம் பாதி ஓடியிருக்கும். எல்லாரும் சிரிச்சிட்டிருக்கும்போது பாட்டி மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க:

“அதெல்லாம் சரி. அந்தப் பொம்பள புள்ளைங்க இவன இன்னான்னு கூப்பிடும்?”

யாரும் பதில் சொல்லல. சொல்ல முடியாததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அதைக் கடைசியில சொல்றேன். ஆனா குடும்ப சமூகவியல் படிச்ச எனக்கு அந்தக் கேள்வி வேற ஒரு பெரிய கேள்வியை ஞாபகப்படுத்திடுச்சு. இந்தக் குறிப்பு அதைப் பத்தித்தான்.

ஒரு கப்பல் படைக்காரரும் பதினெட்டுப் பிள்ளைகளும்

முதல்ல மூலக்கதை. இது கற்பனை இல்லை. அமெரிக்கக் கடற்படையில் இருந்த ஃபிராங்க் பியர்ட்ஸ்லி மனைவியை இழந்தவர், 10 பிள்ளைகள். ஹெலன் நார்த் கணவனை இழந்தவர், 8 பிள்ளைகள். 1961-ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிறகு இன்னும் இரண்டு பிறந்து மொத்தம் 20. ஹெலன் இதைப் புத்தகமாக எழுதினார். மெல்வில் ஷேவல்சன் படமாக எடுத்தார். ஹென்றி ஃபோண்டாவும் லூசில் பாலும் நடித்தார்கள்.

படத்துல எனக்குப் பிடிச்ச ரெண்டு இடம். ஒண்ணு, ஃபிராங்க் வீட்டைக் கப்பல் மாதிரி நடத்தறது. எந்தப் பிள்ளைக்கு எந்தக் குளியலறை, எந்தப் படுக்கைன்னு நம்பரும் நிறமும் போட்டுக் கொடுத்துடறார். பிள்ளைகள் தங்கள் பெயரை விட அந்த நம்பரை மனப்பாடம் பண்ணிக்கிட்டுத் திரியுது. சிரிப்பு வருது. ஆனா யோசிச்சுப் பாருங்க, கூடப் பிறந்த பத்துப் பேர் இருக்கிற வீட்டுல யாரும் நம்பர் போடறதில்லை. பெரியவன் முன்னாடி, சின்னது அம்மா கூடன்னு ஒரு வரிசை தன்னால உருவாகியிருக்கும். ரெண்டு வரிசை ஒரே வீட்டுக்குள்ள வரும்போதுதான் சட்டம் எழுத வேண்டியிருக்கு. இவ்வளவு நாளா தன் வீட்டுல மூத்தவனா இருந்தவன் ஒரே நாள்ல நாலாவது ஆயிடலாம்.

ரெண்டாவது இடம் பள்ளிக்கூடம். ஹெலனின் பையன் ஒருத்தன் புது அப்பாவோட பெயரைத்தான் தன் பெயரோட போடுவேன்னு அடம்பிடிக்கிறான். சட்டப்படி உள்ள பெயர்தான் போடணும்னு ஆசிரியை சொல்றாங்க. இந்தச் சண்டையிலிருந்துதான் ஒருத்தர் பிள்ளைகளை இன்னொருத்தர் முறைப்படி தத்தெடுக்கிற பேச்சு வருது. முழுநீள நகைச்சுவைப் படம் திடீர்னு ரொம்ப சீரியஸான இடத்துல போய் நிக்குது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஆனா பெயர் வேற.

தமிழ், கன்னடத் தலைப்புகள் ரெண்டுமே இந்த ‘படை’யைப் பிடிச்சுக்கிட்டதைக் கவனிங்க. பட்டாளம், சைன்யா. ஆங்கிலத் தலைப்பு யாரோட பிள்ளைன்னு கேட்குது. நம்ம தலைப்பு எத்தனை பிள்ளைன்னு மட்டும் பார்க்குது. ‘உன், என்’ என்ற கேள்வி தலைப்பிலிருந்தே காணாமப் போயிடுச்சு.

முழுமையாகாத நிறுவனம்

இங்கே ஆண்ட்ரூ செர்லினைக் கூப்பிடணும். அமெரிக்க சமூகவியலாளர். 1978-ல், அதாவது மழலைப் பட்டாளத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, மறுமணத்தைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். இன்னிக்கும் இந்தத் துறையில் அதைத் தாண்டிப் போக முடியாது. மறுமணத்தை அவர் ‘முழுமையாகாத நிறுவனம்’ என்கிறார்.

நிறுவனம் என்றால் கட்டடமோ ஆபீஸோ இல்லை. யோசிக்காமலேயே நடந்துகொள்ள வழி சொல்கிற பழக்கங்களின் தொகுப்பு. முதல் கல்யாணத்தில் மாமியாரிடம் எப்படிப் பேசணும், பிள்ளையை யார் அடிக்கலாம், யார் கண்டிக்கலாம், சாவுக்கு யார் கொள்ளி வைக்கணும் என்று யாரும் உட்கார்ந்து விவாதிக்கிறதில்லை. எல்லாத்துக்கும் வழி இருக்கு. பிள்ளைகளோடு மறுமணம் செய்தவர்களுக்கு இந்த வழி பாதியில் நின்றுபோகிறது என்கிறார் செர்லின். அவர் சொல்லும் சான்றுகளில் இரண்டு முக்கியம்: மொழியும் சட்டமும். அம்மாவின் புதுக் கணவரைக் கூப்பிடப் பொருத்தமான சொல் இல்லை. அவருக்கும் பிள்ளைக்கும் என்ன உரிமை, என்ன கடமை என்று சட்டத்திலும் தெளிவில்லை. மற்றவர்கள் பழக்கத்தால் தீர்த்துக்கொள்வதை இவர்கள் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோர்வுதான் பிரச்சினை, யாருடைய கெட்ட குணமும் இல்லை.

நகைச்சுவைக்கு இது தோதான இடம். யாரும் கெட்டவங்க இல்லாம, எல்லாருமே தடுமாறுற ஒரு வீடு. எங்க பாட்டி கேட்டது செர்லினோட கேள்வியேதான். அவங்க செர்லினைப் படிச்சதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழில் பாதி நிரம்பியிருக்கு

ஆனா செர்லினை அப்படியே தமிழுக்குத் தூக்கிட்டு வந்தா ஒரு இடத்துல இடிக்கும். அப்பாவோட இரண்டாவது மனைவியைக் கூப்பிட நம்மகிட்ட சொல் இருக்கு: சித்தி. ‘மாற்றாந்தாய்’ எழுத்தில் வரும், வாயில் வராது. பேச்சில் சித்திதான்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. அம்மாவின் தங்கையும் சித்தி, சித்தப்பாவின் மனைவியும் சித்தி, அப்பாவின் இரண்டாம் தாரமும் சித்தி. இது தற்செயல் இல்லைன்னு நினைக்கிறேன். மனைவி இறந்துட்டா அவள் தங்கையையே கட்டி வைக்கிறது நம்ம பக்கம் பழைய வழக்கம். “வேத்தாள் வந்தா புள்ளைங்களைப் பார்ப்பாளா?” என்பது அதுக்கான நியாயம். நேத்து வரை சித்தி, இன்னிக்கும் சித்தி. பிள்ளை புதுச் சொல் கத்துக்க வேண்டாம். மானிடவியலில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. அதாவது ஆணின் மறுமணத்தை நம்ம உறவுமுறை முழுமையாக்கி வைத்திருக்கிறது. ஆள், சொல், இடம் மூன்றும் தயார். மூத்த தாரம், இளைய தாரம், மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை என்று பட்டியலே இருக்கு.

முழுமையா இருந்ததால அது நல்லதா இருந்துச்சுன்னு அர்த்தம் இல்லை. கொழுந்தியாளைக் கேட்கிற மாப்பிள்ளை எவ்வளவு பயங்கரமா ஆகமுடியும்னு மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) காட்டிச்சு. அதுக்குக் கரு புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. அதுக்கு முன்னாடி கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘சித்தி’ (1966), பிறகு 1999-ல் தொடங்கிய சன் டி.வி. தொடர் ‘சித்தி’. கைகேயியிலிருந்து கணக்கெடுத்தா, சித்தி நமக்கு எப்பவும் ஒரு சோகக் கதை அல்லது தியாகக் கதை. ஒண்ணு கொடுமைக்காரி, இல்லைன்னா தெய்வம். சொல் தயாரா இருந்ததால தீர்ப்பும் தயாரா இருந்துச்சு. காமெடிக்கு அங்கே இடமே இல்லை. காமெடி வரணும்னா யாருக்கும் விடை தெரியாம இருக்கணும்.

மறுபாதி ஏன் காலி?

அப்போ அம்மாவின் இரண்டாவது கணவர்? ‘சித்தப்பா’ன்னு கூப்பிடற வீடுகள் உண்டு. ஆனா அது இரவல் சொல். கேட்கிறவங்க அப்பாவோட தம்பின்னோ, சின்னம்மா வீட்டுக்காரர்னோதான் புரிஞ்சிக்குவாங்க. பிள்ளைக்காவது சொல் இருக்கான்னு பார்த்தா, ‘கூட்டிட்டு வந்த பிள்ளை’ம்பாங்க. அது உறவுப் பெயர் இல்லை, ஒரு சம்பவத்தோட வர்ணனை.

பெண்கள் மறுமணமே செய்யலை, அதனால் சொல் இல்லை என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மை இல்லை. வட ஆற்காட்டில் ‘அறுத்துக் கட்டுற’ வழக்கம் இருந்த சாதிகள் பல உண்டு. கணவனை இழந்த பெண் இன்னொருவரைக் கட்டிக்கொள்வது அங்கே புதுமை இல்லை. ஆனால் பாட்டிகள் சொல்லும் கதைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும்: அம்மா போயிடுவா, பிள்ளை அப்பன் வீட்டில் நின்னுடும். பெரியப்பன் வீட்டிலோ, ஆயா மடியிலோ வளரும்.

சட்டமும் இதையேதான் சொன்னது. 1856-ல் வந்த இந்து விதவைகள் மறுமணச் சட்டத்தை விடுதலைச் சாசனமா படிச்சிருக்கோம். அதன் 2-ஆம் பிரிவு, மறுமணம் செய்தால் இறந்த கணவனின் சொத்தில் அவளுக்கு இருந்த உரிமை போய்விடும் என்றது. 3-ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு வேறு காப்பாளரை நியமிக்கும்படி இறந்தவரின் உறவினர்கள் நீதிமன்றத்தைக் கேட்க வழி வைத்தது. கல்யாணம் செய்துகொள், ஆனால் சொத்தையும் பிள்ளையையும் வைத்துவிட்டுப் போ என்பதுதான் அதன் மொத்தப் பொருள். 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொத்துப் பகுதியைப் பெரும்பாலும் மாற்றியது. அந்தப் பழைய சட்டம் 1983-ல்தான் முறைப்படி நீக்கப்பட்டது.

ஆக, ‘மாற்றுத் தந்தை’க்குப் பேச்சுச் சொல் இல்லாததுக்கு என் விளக்கம் இது: அம்மா மறுமணம் செய்தும், அந்த வீட்டுக்குள் பிள்ளை நுழையவே இல்லை. இல்லாத உறவுக்குச் சொல் எதுக்கு?

இப்போ மழலைப் பட்டாளத்தைத் திரும்பப் பார்த்தா அதோட துணிச்சல் எங்கே இருக்குன்னு தெரியும். சுமித்ரா பிள்ளைகளோடு வருகிறார். தமிழில் சொல் இருக்கும் பாதியையும் சொல் இல்லாத பாதியையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து, ரெண்டையும் சமமா நடத்துது. ஐந்து வருஷம் முன்னாடி பாலசந்தரே ‘அபூர்வ ராகங்க’ளில் உறவுமுறைப் பெயர்களைச் சிக்கவைத்து ஒரு புதிர் போட்டிருந்தார்: மகன் விரும்பும் பெண்ணின் மகளை அப்பா விரும்பினால் யார் யாருக்கு என்ன முறை? அது அறிவுக்கான புதிர். லட்சுமியின் படம் அதே கேள்வியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது.

காமெடி எதை மறைக்குது?

பாராட்டியாச்சு, இனி குறை. இந்த மாதிரிக் கதைகள் எல்லாமே ஒரு தந்திரத்தில் நிக்குது: சமநிலை. அவருக்கும் பிள்ளை, இவளுக்கும் பிள்ளை. அவரும் துணையை இழந்தவர், இவளும். 1978-ல் பாசு சட்டர்ஜி இந்தியில் எடுத்த ‘கட்டா மீட்டா’விலும் அதேதான். அசோக் குமார், பேர்ல் பதம்ஸி, பம்பாய்ப் பார்சி வீடு. கணக்கு நேரா இருக்கிறதால யாரும் யாருக்கும் கடன்பட்டவங்க இல்லை.

நிஜத்தில் கணக்கு நேராக வருவது அபூர்வம். இன்னொன்று, இந்தப் படங்களில் முன்னாள் துணை எப்பவும் இறந்துபோயிருப்பார். விவாகரத்து கிடையாது. செர்லின் இந்த வித்தியாசத்தை ஆரம்பத்திலேயே சொல்கிறார்: மரணத்துக்குப் பின் வருபவர் காலி இடத்தை நிரப்புகிறார். விவாகரத்துக்குப் பின் வருபவருக்குக் காலி இடமே இல்லை, அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பார். யார் குடும்பத்துக்கு உள்ளே, யார் வெளியே என்றே தெரியாத இந்த நிலையை பாலின் பாஸ் ‘எல்லைக் குழப்பம்’ என்றார். புகைப்படத்துக்கு மாலை போட்டு வைப்பதன் மூலம் நம் படங்கள் அந்த எல்லையைச் சுலபமாக மூடிவிடுகின்றன.

மூணாவது, உழைப்பு. சினிமாவில் பிள்ளைகள் செலவு, சத்தம், குறும்பு. நெசவாளர் வீட்டில் பிள்ளை இன்னொரு கை. தார் சுத்த, கரைக்கு நாடா தள்ள, பாவு நீட்டும்போது கூட நிற்க ஒரு ஆள் எப்பவும் வேணும். ஏ.எம். ஷா போன்ற நம் சமூகவியலாளர்கள் ‘குடும்பம்’ வேறு, ‘ஒரே அடுப்பில் வாழும் வீடு’ வேறு என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். களம்பூர் பக்கம் மூணாவதா ஒண்ணைச் சேர்க்கணும்: தறி. கூட்டிட்டு வந்த பிள்ளைக்கு அந்த வீட்டுல என்ன இடம்னு தெரியணுமா? கொடுமை நடக்குதான்னு தேட வேண்டாம். பரீட்சை நேரத்துல முகூர்த்தச் சேலை ஆர்டர் வந்தா எந்தப் பிள்ளையைத் தறிக்குக் கூப்பிடறாங்க, எந்தப் பிள்ளையைப் படிக்க விடறாங்கன்னு பாருங்க.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது. அதற்காகக் குடும்பம் என்றால் யார் யார் என்று ஒரு பட்டியலும் தருகிறது: அம்மா, அப்பா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள். மாற்றுத் தாய், மாற்றுத் தந்தை என்று தனியாக எதுவும் இல்லை.

மற்ற சட்டங்கள் இன்னும் சுவாரசியம். 2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ‘பெற்றோர்’ என்ற சொல்லுக்குள் மாற்றுத் தாயையும் மாற்றுத் தந்தையையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. வாரிசுரிமைச் சட்டத்திலோ, உயில் இல்லாமல் இறந்த மாற்றுத் தந்தையின் சொத்தில் கூட்டிட்டு வந்த பிள்ளைக்கு மகன், மகள் என்ற இடம் இல்லை. மாற்றுத் தாய் விஷயத்திலும், அவரது சொத்துக்கு ‘மகன்’ என்றால் அவர் பெற்ற மகன்தான், மூத்தாள் மகன் கணவனின் வாரிசு என்ற வரிசையில்தான் வருவார் என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கீழேயிருந்து மேலே போகும் கடமையில் உறவு உண்டு, மேலேயிருந்து கீழே வரும் சொத்தில் உறவு இல்லை. முழுமையாகாத நிறுவனத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேணுமா?

இனிஷியல்

இனி பாட்டிக்கு யாரும் பதில் சொல்லாததுக்குக் காரணம்.

அக்காவுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கணவர் இறந்தபோது பையனுக்கு நாலு வயசு. இப்போது இருப்பவருக்கு முதல் மனைவி மூலம் ஒரு பெண். எங்க பெரியவங்க பையனைப் பாட்டியிடம் விட்டுட்டுப் போகத்தான் சொன்னாங்க. அக்கா மாட்டேன்னுட்டா. அந்த வீட்டுப் பெண் முதல் நாளே ‘சித்தி’ன்னு கூப்பிட்டுடுச்சு. பையன் ஒரு வருஷம் அவரை எதுவுமே கூப்பிடலை. பக்கத்துல போய் நிப்பான், அவர் திரும்பற வரைக்கும் காத்திருப்பான். அன்னிக்கு ராத்திரி டி.வி. முன்னாடி அவனும் இருந்தான், அவரும் இருந்தார்.

பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது படிவம் நிரப்ப என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்துல பேனா நின்னுடுச்சு. நம்ம ஊர்ல கொள்ளிக்கு அடுத்தபடியா பெரிய உறவுச் சான்று இனிஷியல்தான். இறந்தவர் எழுத்தைப் போட்டா வீட்டுல தங்கச்சிக்கு ஒரு எழுத்து, இவனுக்கு ஒரு எழுத்து. இவர் எழுத்தைப் போட்டா செத்தவரை அழிச்ச மாதிரி. ஹெலனின் பையனுக்கு வந்த அதே சிக்கல், வேற மொழியில.

2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அகெல்லா லலிதா என்பவர் தொடர்ந்த வழக்கு. கணவர் இறந்தபின் மறுமணம் செய்த அவர், பிள்ளைக்குப் புதுக் கணவரின் குடும்பப் பெயரை வைத்திருந்தார். ஆவணங்களில் அவரை ‘மாற்றுத் தந்தை’ என்றே குறிப்பிட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்படிக் குறிக்கச் சொல்வது பிள்ளையின் மனதை யோசிக்காத கொடுமை என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, பெயரை முடிவு செய்யும் உரிமை இயற்கைக் காப்பாளரான தாய்க்கு உண்டு என்றது. இல்லாத சொல்லை அரசாங்கம் நெற்றியில் எழுதினால் எப்படியிருக்கும் என்பதற்கு அந்த வழக்கு ஒரு பாடம்.

நாங்க இறந்தவர் எழுத்தையே போட்டோம். அக்கா வீட்டுக்காரர்தான் சொன்னார்: “இருக்கட்டும் தம்பி. நம்ம ஊரு ஸ்டேஷனுக்கே ஆரணி ரோடுன்னுதான் பேரு. அதுக்காக அது களம்பூர்ல இல்லாமலா போச்சு?”

ஜேனட் ஃபின்ச் 2007-ல் ஒரு கருத்து சொன்னார்: குடும்பமாக இருந்தால் மட்டும் போதாது, குடும்பம் என்று மற்றவர்களுக்குக் காட்டவும் வேண்டியிருக்கிறது. வழக்கமான குடும்பங்களை விட இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு அந்தக் காட்டுதல் அதிகம் தேவைப்படும். பெயர் உதவாத இடத்தில் செயல்தான் காட்டும். எங்க வீட்டில் அது எப்படி நடந்ததுன்னா, படம் பார்த்த மறுநாள் காலையில பையன் பள்ளிக்குக் கிளம்பும்போது தறிமேட்டைப் பார்த்து, “நைனா, நேரமாச்சு, சைக்கிள் எடு”ன்னான்.

எங்க பக்கத்துல அப்பாவை நைனான்னு கூப்பிடற வீடுகள் நிறைய உண்டு. அவன் தன் அப்பாவை அப்பான்னுதான் கூப்பிட்டிருந்தான். ஒரே உறவுக்கு ஊர் ரெண்டு சொல் வெச்சிருந்துச்சு, ஒண்ணு இவனுக்கு மிச்சமிருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டான். பாட்டியோட கேள்விக்கு அவன்தான் பதில் சொன்னான், செர்லினும் நானும் இல்லை. எவ்வளவு நாளா அந்தச் சொல்லை மனசுக்குள்ள வெச்சிருந்தானோ தெரியலை.

அவர் ஒண்ணும் சொல்லலை. நாடாவை வெச்சிட்டு எழுந்து போய் சைக்கிளை எடுத்தார்.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ இந்தக் காலி இடத்துக்கு என்ன சொல் புழங்குதுன்னு தெரிஞ்சா எழுதுங்க. நான் சேர்த்து வெச்சிட்டிருக்கேன்.